நாகையாவின் தாழ்ந்த படகுத்துறை

நாகையாவுக்குக் கையைச் சும்மா வைத்துக்கொண்டு பேசத் தெரியாது. டீ கேட்பதற்கும் கை, கார் ரிவர்ஸ் எடுப்பவனுக்கும் கை, கோயில் பந்தியில் உட்காருகிறவர்களுக்கும் கை. பக்கத்தில் உட்காருபவர் ஒரு முழம் தள்ளி உட்காருவது நல்லது. போர்ட் கிள்ளான் துறைமுகத்தில் முப்பத்தோரு வருஷம் அவருக்கு அதுதான் வேலை. கப்பலின் அடியறையில் சரக்குக் கட்டுகிறவனைக் கிரேன் ஓட்டுபவனால் பார்க்க முடியாது. இருவருக்கும் தெரிகிற மாதிரி மேல்தளத்து விளிம்பில் ஒருவர் நின்று கை காட்டுவார். ஆள்காட்டி விரலை மேல் நோக்கிச் சுழற்றினால் தூக்கு. கீழ் நோக்கிச் சுழற்றினால் இறக்கு. கையை இறுக மூடி உயர்த்தினால், எது எங்கே தொங்கிக்கொண்டிருந்தாலும் அப்படியே நில். தன்னுடைய மூடிய கைக்கு அடங்காத கிரேன் அந்தத் துறைமுகத்தில் இருந்ததில்லை என்று நாகையா சொல்வார். கேட்காமலேயே சொல்வார்.

என் பெயர் சிவநேசன். பிரிக்பீல்ட்ஸில் இருக்கிறேன். பொதுப்பணி இலாகாவில் வரைபடம் போட்டுப் போட்டே ஓய்வு பெற்றவன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் என்னைக் கிள்ளானுக்கு மாற்றினார்கள். நான் அறை எடுத்த வரிசையில் மூன்றாவது வீடு நாகையாவுடையது. முதல் நாளே என் யாழ்ப்பாணப் பேச்சைக் கேட்டுவிட்டு, "நீங்க கிராணியாரா?" என்றார். பந்திங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டிய அவருடைய அப்பாவுக்குத் தினமும் பேர் பதிந்த கிராணி, அதாவது குமாஸ்தா, ஒரு யாழ்ப்பாணத்தாராம். அதனால் அவரைப் பொறுத்தவரை யாழ்ப்பாணத்தார் அத்தனை பேரும் கிராணிகள். நான் கிராணி இல்லை, வரைபடக்காரன் என்று விளக்கினேன். நாற்பது வருஷமாக விளக்கிக்கொண்டிருக்கிறேன்.

அவருடைய மனைவி வீரம்மா தமிழ்ப்பள்ளி ஒன்றில் கேன்டீன் நடத்தியவர். அவர் கூப்பிட்டால் மைதானத்தின் அந்தக் கோடியில் இருக்கும் பிள்ளை தட்டோடு ஓடி வரும். மூன்று வருஷத்துக்கு முன்னால் பக்கவாதம் வந்து இடது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சும் கொஞ்ச காலம் வரவில்லை. ஆஸ்பத்திரியில் என்னென்னவோ பயிற்சி கொடுத்தார்கள். நாகையா தனக்குத் தெரிந்த பயிற்சியைக் கொடுத்தார். தலையணையை உயர்த்த விரல் மேலே, கட்டிலைத் தாழ்த்த விரல் கீழே, போதும் என்றால் கையை மூடு. வீரம்மா இரண்டே நாளில் பிடித்துக்கொண்டார். பிறகு பேச்சு மெல்ல மெல்லத் திரும்பி வந்தது. ஆனாலும் அந்தக் கைப்பழக்கம் போகவில்லை. புருஷனிடம் நாலு வார்த்தை பேசி அலுப்பதைவிட ஒரு விரலைக் காட்டுவது சுலபம் என்று நினைத்திருப்பார். நாகையாவைக் கட்டிக்கொண்ட யாரும் அப்படித்தான் நினைப்பார்கள்.

அவர்கள் வீட்டுக்குப் பக்கத்தில், கிள்ளான் ஆறு கடலில் சேருமிடத்துக்குச் சற்று உள்ளே, ஒரு சிற்றாறு இருக்கிறது. அதன் கரையில் சின்ன மாரியம்மன் கோயில். மாசி மகத்தன்று சாயங்காலம் அம்மனைப் படகில் ஏற்றிக் கழிமுகம் வரை கொண்டுபோய்த் தீர்த்தமாட்டித் திரும்புவார்கள். மேளம் பின் படகில் வரும். அம்மன் படகின் முன்பக்கத்தில் தீபத்தட்டோடு ஒரு பெண் உட்காருவார். இருபத்தாறு வருஷம் அந்த இடம் வீரம்மாவுடையது. கழிமுகத்தில் படகு நின்றதும் முதலில் தண்ணீரில் இறங்கி மூன்று முழுக்குப் போடுகிறவரும் அவர்தான்.

வீரம்மா படுத்த வருஷமே கோயிலின் பழைய மரப் படகுத்துறை, எங்கள் பேச்சில் ஜெட்டி, அதுவும் படுத்துவிட்டது. பலகைகள் உளுத்து, கடைசித் தூண்கள் இரண்டு சாய்ந்துவிட்டன. அதன்பிறகு அம்மனை மீனவர்கள் ஜெட்டியிலிருந்து இரும்பு ஏணி வழியாக இறக்கினார்கள். ஏணியில் இறங்க முடியாதவர்கள் கரையில் நின்றார்கள். வீரம்மா காருக்குள் உட்கார்ந்தார்.

போன வருஷ மாசி மகத்துக்கு மறுநாள் காலை நாகையா எனக்குப் போன் செய்தார். வழக்கமாகப் போனிலும் கையை ஆட்டிப் பேசுகிறவர், அன்று குரலை அடக்கிப் பேசினார்.

"கிராணியாரே, நேத்து அம்மன் போட்ல போறப்ப இவ அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டா. பாக்க மாட்டேன்னுட்டா. வர்ற மாசி மகத்துக்கு இவள போட்ல ஏத்தணும். ஜெட்டிய நம்ம ரெண்டு பேரே கட்டிடுவோம்லா."

எனக்கு அறுபத்தாறு வயது, முழங்கால் இரண்டும் என் பேச்சைக் கேட்பதில்லை, மரவேலை எனக்குத் தெரியாது என்று மூன்று காரணம் சொன்னேன். மூன்றும் உண்மை. அவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, வரைபடத்தை எப்போது கொண்டு வருவேன் என்று கேட்டார். கோயில் குழுவிடமும் கேட்க வேண்டியவர்களிடமும் கேட்டு, மரம் சேர்த்து முடிப்பதற்குள் வருஷம் ஓடிவிட்டது. பொங்கல் கழிந்த மறுநாள் கொமுட்டர் ரயிலில் கடைசி நிறுத்தம்வரை போய் இறங்கினேன். கையில் சுருட்டிய வரைபடம், பையில் ஒரு நோட்டுப் புத்தகம், மனதில் பெரும் எரிச்சல்.

வரைபடத்தைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும், நல்ல வரைபடம் அது. பழைய ஜெட்டி உயரமானது. தண்ணீர் நன்றாக ஏறி நிற்கும்போதுகூடப் படகு அதற்குக் கீழேதான் கிடக்கும். நடக்கிறவர்கள் குதித்துவிடலாம். சக்கர நாற்காலி குதிக்காது. அதனால் ஜெட்டியின் நுனியில் தாழ்வாக ஒரு மேடை போட்டேன். மேலேயிருந்து அதற்கு ஒரு சரிவுப் பாதை. நீர் உச்சத்துக்கு ஏறும் நேரத்தில் மேடைக்கு மேலே ஒரு சாண் மட்டும் படகின் விளிம்பு தெரியும். நாற்காலியிலிருந்து அப்படியே நகர்த்தி உட்கார வைத்துவிடலாம்.

எல்லாம் சரி, அந்த உச்சம் எது என்று தெரிய வேண்டும். நீர் ஏறும் அளவு போனில் பார்த்தால் வருகிறதே என்றேன். அது பெரிய துறைமுகத்துக்கு, நம்ம தூணுக்கு நம்ம கோடுதான் என்றார் நாகையா. எனக்கும் அது பிடித்திருந்தது. நாற்பது வருஷம் அளந்து பழகியவனுக்கு யாரோ அளந்த எண்ணை எடுத்துக்கொள்ள மனம் வராது. ஆகவே ஒவ்வொரு நாளும் தண்ணீர் ஏறி நின்ற இடத்தில் நாகையா சிவப்புப் பெயிண்டால் தூணில் கோடு போடுவார், நான் நோட்டில் தேதியோடு எழுதுவேன். நீர் ஏறும் உயரம்வரை தூணில் ஒட்டியிருந்த சிப்பிகளைக் கேட்டிருந்தால் அவையே சொல்லியிருக்கும். அவற்றை முதல் வாரமே சுரண்டித் தள்ளித் தார் பூசிவிட்டோம்.

வேலையில் எனக்குக் கிடைத்த பதவி கிரேன். மேலே ஒரு சங்கிலிக் கப்பியை மாட்டி, தூணையும் பலகையையும் நான் இழுத்துத் தூக்க வேண்டும். நாகையா கீழே சேற்றில் தொடையளவு நின்றுகொண்டு கை காட்டுவார். துறைமுகத்தில் எத்தனையோ கிரேன்களை ஆட்டி வைத்தவருக்குக் கடைசியில் வாய்த்தது நான். முதல் வாரம் தூக்கு எது, இறக்கு எது என்று எனக்குக் குழப்பம். ஒரு நாள் அவர் கையை மூடிக் காட்டியதை, வெற்றி என்று வாழ்த்துகிறார் என நினைத்துச் சங்கிலியை விட்டுவிட்டேன். பலகை அவருடைய மூக்குக்கு முன்னால் விழுந்து, சேறு முழுவதும் முகத்தில் அப்பியது. அவர் கெட்ட வார்த்தை ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் கைகளால் என்னென்னவோ சொன்னார். அவற்றில் சில துறைமுகச் சட்டத்தில் இருக்காது என்று நினைக்கிறேன். நான் வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடந்தேன். வழியில் நாகையா என்னை மோட்டார் சைக்கிளில் மடக்கிப் பிடித்து, வீரம்மா சோற்றோடு காத்திருக்கிறாள், தின்றுவிட்டுக் கோபப்படுங்கள் என்றார். நண்டுக் குழம்பு. கோபம் அன்றே போய்விட்டது.

அதன்பிறகு வேலை ஓடியது. உண்மையைச் சொன்னால் என் வாழ்நாளில் அவ்வளவு சந்தோஷமாக நான் அழுக்கானதில்லை. நீர் வடிந்ததும் இறங்குவோம், ஏறத் தொடங்கியதும் மேலே வந்து பலகை அறுப்போம். அந்த விரல்களைப் பார்த்தே சங்கிலியை இழுக்கப் பழகிவிட்டேன். ஒரு மதியம் முழுவதும் ஒரு சொல்லும் பேசாமல் எட்டுப் பலகைகளை ஏற்றி முடித்தோம். கடைசிப் பலகை உட்கார்ந்ததும் நாகையா கையை மூடிக் காட்டினார். நான் சங்கிலியை அசையாமல் பிடித்தேன். "இப்பத்தான் கிராணியாரே நீங்க நல்ல கிரேனு" என்றார். ஓய்வு பெற்ற நாளில் இலாகா கொடுத்த பாராட்டுத் தாள் எங்கே இருக்கிறதென்று எனக்குத் தெரியாது. இது மட்டும் நினைவிருக்கிறது.

விசேஷ நாட்களில் வேலைக்கு விடுப்பு. தை அமாவாசைக்கு நான் அப்பாவுக்குச் செய்ய வேண்டியதைச் செய்யப் போனேன், அவரும் அவருடைய பெரியவர்களுக்குப் படைத்தார். அப்போதே சீனப் பெருநாளும் வந்ததால் நாலு நாள் கரையில் ஆளே இல்லை. தைப்பூசத்துக்கு இருவரும் மூன்று நாள் பத்துமலையில் இருந்தோம். நான் தண்ணீர்ப் பந்தலில் எலுமிச்சை அறுத்தேன். அவர் காவடிக் கூட்டத்துக்குக் கை காட்டி வழி விட்டார், யாரும் அவரைச் செய்யச் சொல்லவில்லை. சிவராத்திரிக்கு விடிய விடியக் கண் விழித்து, மறுநாள் முழுக்கத் தூங்கி, அதற்கு மறுநாள் உடம்பு வலி. மற்ற நாளெல்லாம் கோடு விழுந்தது. உச்சக் கோட்டுக்கு மேலே ஒரு சாண் விட்டு மேடையை உட்கார வைத்தோம்.

அம்மனுக்குப் படகு தருகிற மீனவர் ஆ சுவான் ஒருநாள் வந்து மேடையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். அரைகுறைத் தமிழிலும் மலாயிலும், இது தாழ்வாக இருக்கிறது அங்கிள், இந்த மாதத் தண்ணீர் பெரிய தண்ணீர் என்றார். வீரம்மாவுக்காக வேண்டுமென்றே தாழ்த்தியிருக்கிறோம் என்று நாகையா பெருமையாகச் சொன்னார். நான் நோட்டை விரித்துக் காட்டினேன். ஆ சுவான் நோட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சிகரெட்டைப் பற்ற வைத்துக்கொண்டு போனார்.

மாசி மகத்தன்று மதியம் மேடைக்கு மாவிலை கட்டினோம், கோலம் போட்டார்கள். நாகையா வெள்ளை வேட்டி சட்டையில் ஜெட்டியின் தலைப்பில் நின்று, வருகிற கார்களுக்கெல்லாம் கை காட்டி நிறுத்திக்கொண்டிருந்தார். ஐந்து மணிக்குத் தண்ணீர் என்னுடைய உச்சக் கோட்டைத் தொட்டது. நான் திருப்தியாகத் தலையாட்டினேன். ஐந்தரைக்கு அந்தக் கோடு காணாமல் போயிருந்தது. தண்ணீர் நின்றபாடில்லை. பலகை இடுக்குகளில் முதலில் குமிழி வந்தது, பிறகு தண்ணீர் வந்தது, பிறகு கோலம் போயிற்று. ஆறு மணிக்கு மேடை கணுக்காலளவு நீருக்கு அடியில் இருந்தது.

இது நடக்க முடியாது என்று நிரூபிப்பதற்காக நோட்டை எடுத்தேன். தேதிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தபோதுதான் தெரிந்தது. தை அமாவாசை, கோடு இல்லை. தைப்பூசப் பௌர்ணமி, கோடு இல்லை. சிவராத்திரி, அதையொட்டிய அமாவாசை, கோடு இல்லை. தண்ணீர் மிக அதிகமாக ஏறுவது பௌர்ணமிக்கும் அமாவாசைக்கும்தான். அந்த நாட்களிலெல்லாம் நாங்கள் சாமி கும்பிடப் போயிருந்தோம். ஆற்றுக்கு எங்களுக்குத் தெரியாமல் ஒரு உயரம் இருந்தது. கட்டியவர் நாகையாதான். ஆனால் நோட்டு என்னுடையது. நாற்பது வருஷம் மற்றவர்கள் வரைபடத்தில் பிழை கண்டுபிடித்துச் சம்பளம் வாங்கியவன் நான். அவரிடம் போய்ச் சொன்னேன்.

அவர் என்னைத் திட்டவில்லை. மேடையைப் பார்த்தபடி நின்றார். இரண்டு கைகளும் தொங்கிக்கொண்டிருந்தன. அவருடைய கைகள் சும்மா இருந்து நான் பார்த்தது அன்றுதான்.

மேளச் சத்தம் கோயிலிலிருந்து கிளம்பிவிட்டது. செமினியில் இருக்கும் மகள் விஷ்ணுப்ரியா அம்மாவைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு ஜெட்டிக்கு வந்தாள். வீரம்மா பட்டுப் புடவையில், மடியில் தீபத்தட்டோடு இருந்தார். சரிவுப் பாதையின் மேலே நாற்காலி நின்றது. கீழே பாதை தண்ணீருக்குள் போய் மறைவதை எல்லாரும் பார்த்தார்கள்.

நாகையா நாற்காலியின் முன்னால் போய்க் குனிந்தார்.

"தப்பாக் கட்டிட்டேன் வீரம்மா. தண்ணி ஏறிடுச்சு. வா, திரும்பிப் போயிடலாம்."

வீரம்மா அவரைப் பார்க்கவில்லை, தண்ணீரைத்தான் பார்த்தார். பிறகு வலது கையைத் தட்டிலிருந்து எடுத்து, ஆள்காட்டி விரலைக் கீழ் நோக்கி மெல்லச் சுழற்றினார்.

நாகையாவுக்குப் புரிய ஒரு நொடி ஆயிற்று. எனக்கும்தான். இறக்கு என்கிறார். நாகையா மேல் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டார். விஷ்ணுப்ரியாவும் கோயில் ஆட்கள் இருவரும் நாற்காலியைப் பிடித்தார்கள். நாகையா முன்னால் பின்னோக்கி நடந்தபடி இரண்டு கைகளாலும் கை காட்டிக்கொண்டே இறங்கினார். நான் என்ன செய்வதென்று தெரியாமல் நோட்டை உயரத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்னால் போனேன். சக்கரம் நீருக்குள் இறங்கியது. பலகை ஆடவில்லை, வழுக்கவில்லை. எங்கள் வேலையில் அதுவரைக்கும் குறை சொல்ல முடியாது.

தண்ணீர் வீரம்மாவின் பாதங்களை மூடியது. படகின் விளிம்பு நாற்காலியின் இருக்கைக்குச் சரியாக வந்து நின்றது, ஒரு விரல்கூட வித்தியாசம் இல்லை. அதை நான் அப்போதே மனதில் குறித்துக்கொண்டேன். ஆ சுவான் படகிலிருந்து கை நீட்டினார். மூவர் வீரம்மாவைத் தூக்கக் குனிந்தார்கள். நாகையாவின் விரல் மேலே சுழலத் தொடங்கியது.

வீரம்மா கையை இறுக மூடி உயர்த்தினார்.

நாகையா நின்றார். தூக்கப் போனவர்கள் நின்றார்கள். நான் நின்றேன், நோட்டும் மேலேயே நின்றது. பின்னால் அம்மனைச் சுமந்து வந்தவர்களும் சரிவில் அப்படியே நின்றார்கள். அதற்குள் எல்லாருக்கும் அந்தக் கையின் அர்த்தம் தெரிந்திருந்தது.

வீரம்மா தட்டை மகளிடம் கொடுத்தார். குனிந்து, வலது கையால் தண்ணீரை அள்ளித் தலையில் விட்டுக்கொண்டார். ஒரு முறை. இரண்டாவது முறை கை எட்டவில்லை. நாகையா பட்டு நனையுமே என்றுகூட நினைக்காமல் தண்ணீரில் மண்டியிட்டு, இரண்டு கைகளாலும் அள்ளி அள்ளி ஊற்றினார். மூன்று முழுக்கின் கணக்குத் தாண்டி எவ்வளவோ ஊற்றினார். வீரம்மா சிரித்தார். மைதானத்தின் அந்தக் கோடிக்குக் கேட்கும் பழைய சிரிப்பு. நான் அழுதேன். அதை மறைக்க வேண்டிய அவசியம் இல்லை, எல்லாருடைய முகமும்தான் நனைந்திருந்தது.

பிறகு வீரம்மாவின் விரல் மேலே சுழன்றது. தூக்கினோம். தீபத்தட்டோடு அவர் தன்னுடைய இடத்தில் உட்கார்ந்தார். அம்மனைக் கொண்டுவந்தவர்களும் தண்ணீரில் கால் நனைத்தே படகேறினார்கள். கரையில் நின்ற பெண்கள் வரிசையாக வந்து மேடையில் தலை நனைத்துக்கொண்டார்கள். வழக்கமாகக் கழிமுகம் வரை போகிறவர்களுக்கு மட்டும் கிடைக்கிற தீர்த்தம் அன்று எல்லாருக்கும் கிடைத்தது. கோயில் தலைவர் சுகுமாறன் என்னிடம் வந்து, நல்ல யோசனை சார் என்றார். நான் மறுக்கவில்லை. நானும் மனிதன்தானே.

படகு திரும்பி வரும்போது நிலா எழும்பியிருந்தது. தண்ணீர் இறங்க ஆரம்பித்து, மேடையின் பலகைகள் ஈரமாகத் தெரிந்தன. வீரம்மாவை நாற்காலியில் உட்கார வைத்ததும் நாகையாவுக்குப் பழைய கவலை வந்துவிட்டது. தூண் கெட்டியாக இருக்கிறது, மேடையைக் கழற்றி இரண்டு சாண் ஏற்றிவிடலாம், அடுத்த வாரமே தொடங்கலாம் என்று என்னிடம் இரண்டு கைகளாலும் அளந்து காட்டினார். நானும் என் பிழையைத் திருத்தும் ஆசையில் பென்சிலைத் தேடினேன்.

"ஒசத்தாதீங்க" என்றார் வீரம்மா.

ஒவ்வொரு சொல்லாக, இடைவெளி விட்டு அவர் பேசினார்.

"என்னால இனிமே கடல்ல எறங்க முடியாதுங்க. அது ஏறி வரட்டும்."

நாகையா அளந்து காட்டிய கைகளை அப்படியே வைத்துக்கொண்டு நின்றார். பிறகு மெல்ல மூடினார்.

மேடை இன்னும் அதே உயரத்தில்தான் இருக்கிறது. அங்கே படகு கட்டும் மீனவர்களுக்காகப் பக்கத்தில் உயரமாக ஒரு படி போட்டுக் கொடுத்தோம். ஆனாலும் பௌர்ணமிக்கும் அமாவாசைக்கும் மேடை மூழ்கும்போது ஆ சுவான் எங்கள் இருவர் பேரையும் சொல்லித் திட்டுவதாகக் கேள்வி. அந்த நாட்களில் இப்போது நாங்கள் விடுப்பு எடுப்பதில்லை. கொமுட்டரில் போய் இறங்கினால், நாகையா சரிவுப் பாதையில் நாற்காலியை இறக்கிக்கொண்டிருப்பார். தண்ணீர் பாதத்தைத் தொட்டதும் வீரம்மா கையை மூடிக் காட்டுவார். நான் நோட்டைத் திறந்து, விட்டுப்போன கோடுகளை எழுதிக்கொள்வேன்.